அக்கரை வண்டி

பார்லோ ஃபெர்ரி, பென்சில்வேனியா
பிப்ரவரி 6, 1950

அக்கரைப் பாதையில் சாயங்கால நிலக்கரி வண்டி ஓட்டும் டிரைவர் அவர்களுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. மேட்சன் என்ஜின் ஷெட்டுக்கு எழுதினால் யாராவது உங்கள் கையில் சேர்ப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நீங்கள் ஊதும் விசில் என் கணவருடையது.

படித்ததும் யாரோ பைத்தியக்காரி என்று நினைப்பீர்கள். நானும் கொஞ்ச நாள் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்தேன். கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் அது. சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை, பிறகு ஒரு நீளம். கிராசிங் வந்தால் எந்த டிரைவரும் ஊதுவது அதைத்தான். ஆனால் ஐந்து குரல் சேர்ந்த பித்தளை, கடைசி நீளத்தை இறக்காமல் மேலே ஏற்றி முடிக்கிற முடிப்பு, அது இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஒருவருடையது. என் கை தானாக உருளைக்கிழங்குக் கூடைக்குப் போனது. நான்கை எடுத்துத் தோலும் சீவிவிட்டேன். அப்புறம்தான் எம்ரிஸ் செத்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது நினைவுக்கு வந்தது.

நீங்களும் ரயில்காரர். இந்த ஊரில் டிரைவர்கள் கம்பெனி விசிலைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, சொந்த விசிலைத் திருகிக்கொண்டு போகிறவர்கள் என்பது தெரிந்திருக்கும். எம்ரிஸ் தன்னுடையதை ரயில்வே பட்டறை உலையில் தானே வார்த்தவர். டிரைவர் வீட்டுப் பெண்கள் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. புருஷன் விசில் கேட்டதும் கிழங்கை அடுப்பில் போட வேண்டும். என்ஜினை ஷெட்டில் விட்டு, கரியைக் கழுவிக்கொண்டு மனுஷன் வீடு வரும்போது வெந்திருக்கும்.

1948 அக்டோபர் 29, மூடுபனி. பட்டு மில்லில் வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு மில் லாரி தண்டவாளத்தைக் கடந்தது. கேட் இல்லாத கிராசிங். என் கணவரின் வண்டி மோதியது. நான்கு பெண்கள் போனார்கள். லாரி ஓட்டிய காஸ் டோம்பெக் போனான். என்ஜின் கவிழ்ந்து எம்ரிஸும், அவருக்குக் கரி போடுகிற புது ஃபயர்மேனும் போனார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி ஊரையே கூப்பிட்டுக் கேட்டார், எம்ரிஸ் புரோபர்ட்டின் விசில் கேட்டதா என்று. கேட்கவில்லை என்றது ஊர். என்னையும் கேட்டார். நானும் கேட்கவில்லை என்றேன். பைபிளில் கை வைத்துப் பொய் சொல்ல எனக்கு வராது. டிரைவர் ஊதாமல் வந்ததுதான் காரணம் என்று முடித்தார்கள். கிராசிங்கில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். செத்தவர்கள் எல்லார் பெயரும் இருக்கிறது, என் கணவர் பெயரைத் தவிர.

இப்போது அந்த விசில் சாயங்காலம் சாயங்காலம் ஊதுகிறது. நான் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. "ஊத வேண்டிய அன்னிக்கு ஊதல. செத்தப்புறம் ஊதி யாருக்கு என்ன பிரயோஜனம்" என்று போன வாரம் ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். அவளுடைய தங்கை அந்த லாரியில் இருந்தவள். நான் அவளைக் குறை சொல்லவில்லை.

கவிழ்ந்த என்ஜினிலிருந்து யாரோ அதைப் பிடுங்கி உங்களுக்கு விற்றிருக்க வேண்டும். செத்தவன் வாயிலிருந்து பிடுங்கியதை ஊதாதீர்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

நெஸ்டா புரோபர்ட்


மேட்சன் ஷெட்
பிப்ரவரி 11

அண்ணி,

இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. உங்கள் மேசையில் எட்டு வருஷம் சாப்பிட்டவனுக்கு வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. நான் லூதர் க்ளைன். அண்ணனுக்கு ஃபயர்மேனாக இருந்தவன். உங்கள் முட்டைக்கோஸ் சூப்பில் உப்பு இல்லை என்று சொல்லி அகப்பையால் அடி வாங்கியவன்.

அந்த விசிலை நான் யாரிடமும் வாங்கவில்லை. கவிழ்ந்த என்ஜினை நான் பார்த்ததே இல்லை. அண்ணன் தன் கையால் எனக்குக் கொடுத்தது அது. அது நடந்தபோது நான் மேற்கே, ஈரி ஏரிக்கரையில் கிடைத்த புது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே பேப்பரில் நான்கு வரி வந்தது. வேகம் காரணமாக இருக்கலாம் என்று போட்டிருந்தார்கள். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்தேன். பேனா பிடிக்கிற கை இல்லை இது, உங்களுக்கே தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு இந்தப் பக்கம் வேலை கிடைத்துத் திரும்பி வந்தேன். ஆற்று வளைவில் திரும்பும்போது உங்கள் சமையலறை விளக்கு தெரியும். அந்த இடத்தில் ஊதுவேன். உங்கள் வாசலுக்கு வர எனக்குத் தைரியம் இல்லை, அதனால் அவருடைய விசிலை அனுப்பினேன். கேட்டால் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய முட்டாள் இருக்க முடியுமா என்று இப்போது தோன்றுகிறது.

ஆனாலும் நிறுத்து என்றால் எனக்கு மனசு கேட்கவில்லை. அதைச் சும்மா வைத்திருக்க என்னிடம் கொடுக்கவில்லை அவர்.

லூதர்


பார்லோ ஃபெர்ரி
பிப்ரவரி 15

லூதர்,

அண்ணி என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அவரைப் புதைத்த அன்று சேப்பலில் ரயில்காரர்கள் உட்காரும் இரண்டு வரிசையும் காலியாகக் கிடந்தன. ஊரார் வராததை நான் பொறுத்துக்கொண்டேன். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன், லூதராவது வருவான் என்று. இப்போது பேனா பிடிக்க வராது என்கிறாய்.

எம்ரிஸ் அதை உனக்குக் கொடுத்திருக்க மாட்டார். கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார் என்று சொல், நம்புகிறேன். அன்று காலை அவர் வண்டி எடுத்துப் போனபோது நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய விசிலைத்தான் கேட்டேன். எனக்காகக் கடைசியை வழக்கத்தைவிட நீட்டினார். சாயங்காலம் செத்துப்போனார். நடுவில் எப்போது கொடுத்தார், எங்கே கொடுத்தார், ஏன் எனக்குத் தெரியாமல் கொடுத்தார்?

பதில் சொல்ல முடியாவிட்டால், திருடினேன் என்றாவது எழுது. திருடனை மன்னிப்பது எனக்குச் சுலபம்.

நெஸ்டா


மேட்சன் ஷெட்
பிப்ரவரி 20

அண்ணி,

கேட்டீர்கள், சொல்கிறேன். சுற்றி வளைத்துத்தான் வரும். எனக்கு அப்படித்தான் வரும்.

அன்றைக்குக் காலையில் நானும் அந்த வண்டியில் இருந்தேன், வேலைக்கு அல்ல. மேற்கே போகிற ரயிலைப் பிடிக்க ஸ்டோனர் ஜங்ஷன் வரை அண்ணன் என்னை என்ஜினிலேயே ஏற்றிக்கொண்டார். புதுப் பையன் கரி அள்ளிப் போட்டான், அண்ணன் அவனைத் திட்டிக்கொண்டே வந்தார். "லூதர் கண்ண மூடிக்கிட்டுப் போடுவான்டா, நீ கண்ணாடி போட்டுக்கிட்டும் அடுப்புக் கதவு மேலயே எறியுற" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஃபயர்மேன் முதல் தடவை டிரைவராக என்ஜின் ஏறப்போகும்போது அவனுடைய டிரைவர் ஏதாவது கொடுத்து அனுப்புவது வழக்கம். எண்ணெய்க் கேன் கொடுப்பார்கள். அதைத்தான் நானும் எதிர்பார்த்தேன். ஜங்ஷனில் என்ஜின் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது மத்தியானம் அண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பாய்லர் மேல் ஏறினார். விசில் ஆறக்கூட இல்லை. கழுத்துத் துணியில் சுற்றிக் கழற்றி என் கையில் வைத்தார். வேண்டாம் என்றேன்.

"வாங்கிக்கடா. இன்னும் ரெண்டு வருஷத்துல இங்க டீசல் வந்துரும். அப்புறம் பட்டன அமுக்குற வேலதான். மேற்குல இன்னும் கொஞ்ச நாள் நீராவி ஓடும். ஊதத் தெரிஞ்சவன் கையில இருக்கட்டும்."

"அண்ணே, அண்ணி என்னத் தொலச்சுருவாங்க."

"அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் ஊருக்குள்ள வர்றது அவளுக்குத் தெரியாம இருந்ததே இல்ல. இன்னிக்குத் தெரியாது. பின்வாசல் வழியா சத்தமில்லாமப் போயி அவ முதுகுக்குப் பின்னால நிக்கப்போறேன். ஒரு நாளாவது அவ அசந்து நிக்குறப்ப வீட்டுக்குள்ள நொழையணும்டா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பெட்டியிலிருந்து கம்பெனி விசிலை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். அதைத் திருகி இறுக்கியது நான். அவர் பிடித்துக்கொண்டார், நான் ஸ்பேனரைத் திருப்பினேன்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல முடியாமல் இருந்தேன். அவர் சொல்லாமல் போன செய்தியை நான் எப்படி வந்து சொல்வது? திருடியதாக எழுதச் சொன்னீர்கள். எழுதியிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

உங்கள் முதல் கடிதத்தில் ஒன்று எனக்குப் புரியவே இல்லை. அவர் ஊதாமல் வந்தார் என்று எப்படிச் சொல்கிறார்கள்? வழியில் மாடு நின்ற இடத்தில்கூட ஊதாமல் போகாத மனுஷன் அவர். கம்பெனி விசிலைத்தான் ஊதியிருப்பார். அது உங்களுக்குக் கேட்கவில்லையா?

லூதர்


பார்லோ ஃபெர்ரி
மார்ச் 7

லூதர்,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினேன். இத்தனை நாள் அதை வெளியே எடுக்கவில்லை.

கேட்டது.

அடுப்புப் பக்கம் நின்றிருந்தேன். வெளியே பனி, எதிர் வீடுகூடத் தெரியவில்லை. ஒரு விசில் கேட்டது. மொட்டையான ஒற்றைக் குரல். யாருடையதும் இல்லாத கம்பெனி விசில். இந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு, அக்கரை வண்டி. அந்தப் பக்கத்து டிரைவர்கள் என்ஜினை மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள், அதனால் கம்பெனி விசிலோடே போவார்கள். சொந்த விசில் வைத்துக்கொண்டு அங்கே ஊதுகிறவன் நீ ஒருவன்தான். அக்கரை வண்டி போகிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பி உப்பு டப்பாவைத் தேடினேன். எம்ரிஸ் இன்னும் வரவில்லையே என்றும் நினைத்தேன்.

உன் கடிதத்துக்குப் பிறகு ஊரில் ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டேன். யார் என்னோடு பேசுகிறார்களோ அவர்களை. மளிகைக் கடைக்காரர், பட்டறையில் வார்ப்பு வேலை செய்கிற கிழவர், சேப்பலில் பியானோ வாசிக்கிற பெண்.

"அன்னிக்கு எந்த விசிலும் கேக்கலையா?"

"எம்ரிஸ் விசில் கேக்கலம்மா."

"வேற எதுவும்?"

"அக்கரை வண்டி ஊதுச்சு. அது என்ன கணக்கா?"

எல்லாரும் ஒரே வார்த்தை. கிழவர் மட்டும் சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். அவருக்கு உறைத்துவிட்டது. அக்டோபர் 29 சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் திருநாள். இந்தப் பள்ளத்தாக்கில் அன்றைக்கு எந்தச் சுரங்கமும் திறக்காது. கொடி பிடித்து ஊர்வலம் போவார்கள், பிறகு குடிப்பார்கள். தோண்டுவதற்கு ஆள் இல்லை என்றால் நிலக்கரி இல்லை. நிலக்கரி இல்லை என்றால் அக்கரை வண்டியும் இல்லை.

ஊருக்கே தெரிந்த விஷயம் இது. ஒருவர்கூட சேர்த்துப் பார்க்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி எம்ரிஸின் விசில் கேட்டதா என்று கேட்டார். நாங்கள் கேட்கவில்லை என்றோம். யாரும் பொய் சொல்லவில்லை, லூதர். அதுதான் என்னைத் தின்கிறது.

நாங்கள் ரயிலைக் கேட்டுப் பழகியவர்கள் இல்லை. ஆளைக் கேட்டுப் பழகியவர்கள். அவர் வந்தார், ஊதினார், நான் கேட்டேன். கேட்டுவிட்டு வேறு யாரோ என்று விட்டுவிட்டேன். அவரோடு குடும்பம் நடத்தியவள் நான்.

நெஸ்டா


மேட்சன் ஷெட்
மார்ச் 12

அண்ணி,

நான் சாட்சி சொல்கிறேன். எங்கே வரச் சொன்னாலும் வருகிறேன். விசிலையும் கொண்டுவந்து அவர்கள் மேசையில் வைக்கிறேன். மத்தியானமே கழற்றியாகிவிட்டது, சாயங்காலம் அது என் பெட்டியில் மேற்கே போய்க்கொண்டிருந்தது என்று சத்தியம் செய்கிறேன். ஸ்பேனர் பிடித்த கை இது. கம்பெனி அந்த முடிவைத் திருத்தியே ஆக வேண்டும். கல்லில் பெயர் வந்தே ஆக வேண்டும்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, அண்ணி. அந்த மனுஷனைப் போய் ஊதாதவன் என்று சொல்லிவிட்டார்களே. தூங்குகிற ஊருக்கு மெதுவாக ஊத வேண்டும், விழித்திருக்கிற ஊருக்குச் சத்தமாக ஊத வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தவர் அவர்.

ஆத்திரம் தணிந்தால் வேறொன்று வருகிறது. நேற்று வளைவில் திரும்பும்போது உங்கள் விளக்கைப் பார்த்துக் கயிற்றைப் பிடித்தேன். இழுக்க முடியவில்லை. அவர் அதை எனக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் லாரிக்காரன் நின்றிருப்பான். இத்தனை நாள் நான் ஊதிக்கொண்டிருந்தது என்ன என்று இப்போதுதான் தெரிகிறது. இன்று ஊதாமலே போனேன். ஃபயர்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

இன்னொன்று. எங்கள் பக்கமும் நீராவி முடிகிறது. ஏப்ரல் 28 கடைசி ஓட்டம். அதை ஓட்டப்போவது நான்தான். மறுநாளிலிருந்து டீசல். ஹாரன் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? சளி பிடித்த மாடு கத்துகிற மாதிரி இருக்கிறது. எல்லா என்ஜினுக்கும் ஒரே சத்தம். இனி இந்தத் தவறு யாருக்கும் நடக்காது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

சொல்லுங்கள், எப்போது வர வேண்டும்?

லூதர்


பார்லோ ஃபெர்ரி
ஏப்ரல் 10

லூதர்,

கம்பெனிக்கு நான் எழுதவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

அவர்களுடைய காகிதத்தில் எப்போதும் ஒரு பெயர் வேண்டும். எம்ரிஸ் ஊதினார் என்று நிரூபித்தால் அவர் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் காஸ் டோம்பெக்கின் பெயரை எழுதுவார்கள். விசில் கேட்டும் நிற்காமல் நான்கு பெண்களைக் கொன்றவன் என்று. இருபத்திரண்டு வயசு அவனுக்கு. சைக்கிளில் போகும்போதே பாடிக்கொண்டு போவான். அவனும் இந்த ஊரில் பிறந்தவன்தானே. பனிக்குள் மொட்டை விசில் கேட்டிருப்பான், அக்கரை வண்டி என்று நினைத்து லாரியை எடுத்திருப்பான். அடுப்பங்கரையில் நின்று நான் நினைத்ததையே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவன் நினைத்தான். எனக்கு உப்பு டப்பா கிடைத்தது, அவனுக்குச் சாவு கிடைத்தது.

அதனால் முதலில் அவன் அம்மாவிடம் போனேன். ஸ்டெஃபாக்கா. வீடு வீடாகப் போய்க் கேட்டு அந்தக் கல்லை நட்டவள் அவள்தான். எம்ரிஸ் பெயர் அதில் வரக் கூடாது என்று சொன்னவளும் அவள்தான். அன்றிலிருந்து என் முகத்தில் முழித்ததில்லை. கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் மூடப் போனாள். காலை வைத்துத் தடுத்தேன்.

"உள்ள வரச் சொல்ல வேணாங்க்கா. ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு சாயங்காலம் என்ன விசில் கேட்டுச்சு?"

"உம்புருஷன் விசில் கேக்கல. எத்தன தடவ சொல்றது."

"அவர் விசில் இல்ல. வேற எதாச்சும்?"

"அக்கரை வண்டி போச்சு."

"அப்ப உங்க வீட்டுக்காரர் எங்க இருந்தாரு?"

அவள் புருஷன் சுரங்கத்தில் வேலை செய்தவர், போன வருஷம் நெஞ்சில் கரித்தூள் அடைத்துப் போய்ச் சேர்ந்தார். இவள் எதற்கு அந்தப் பேச்சை எடுக்கிறாள் என்று முறைத்தாள்.

"எங்க இருப்பாரு. இதோ இந்தப் பெஞ்சுல கெடந்தாரு. ஊர்வலம் போயிட்டு வந்து, அந்தக் கோட்டக்கூடக் கழட்டாம. சுரங்கம்தான் லீவாச்சே..."

அங்கே நின்றுவிட்டாள். அந்தப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அது எந்த வண்டி?"

சொன்னேன். நீ சொன்னதை எல்லாம் சொன்னேன். ஜங்ஷன், கழுத்துத் துணி, பின்வாசல். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப எம்புள்ள விசிலக் கேட்டிருக்கான்."

"கேட்டான்க்கா. நீங்களும் கேட்டீங்க, நானும் கேட்டேன். நாம மூணு பேரும் ஒண்ணத்தான நெனச்சோம்."

"போயிரு நெஸ்டா" என்றாள். "போயிரு. இத்தன நாள் எனக்குத் திட்டுறதுக்காவது ஒரு ஆள் இருந்துச்சு." கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே அவள் அழுததைத் தெருவில் நின்று கேட்டேன். அது மட்டும் எனக்கு யார் என்று தெரிந்த சத்தம்.

அவள் வெளியே வந்து ஏதாவது சொல்லும்வரை நான் யாரிடமும் போகப் போவதில்லை. சொல்லாமலே இருந்துவிட்டால், எம்ரிஸ் பெயர் இல்லாமலே அந்தக் கல் இருக்கட்டும். அதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது, லூதர். நான் பெரிய மனசுக்காரி இல்லை. ஒரு பையனின் பெயரைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் என் புருஷன் பெயரை வைக்க எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். முதல் கடிதத்தில் ஊதாதே என்று கேட்டேன். இப்போது ஊது என்று கேட்கிறேன். ஏப்ரல் 28 கடைசி ஓட்டத்துக்குக் கிளம்பும் முன் எம்ரிஸின் விசிலைக் கழற்றிவிட்டுக் கம்பெனி விசிலை மாட்டி, ஆற்று வளைவில் ஊது. அந்த மொட்டை விசிலை. அன்றைக்கு அவர் ஊதியது அதுதான். நான் கிராசிங்கில் நிற்பேன். இன்னொரு தடவை கேட்டால் தெரிந்துகொள்வேனா என்று பார்க்க வேண்டும்.

நெஸ்டா


மேட்சன் ஷெட்
ஏப்ரல் 15

அண்ணி,

கோபம் வந்தது. வந்து போய்விட்டது. நீங்கள் சொல்வது சரியா என்று எனக்குத் தெரியாது, அண்ணனாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். "அவ சொன்னாச் சரிடா, கரியப் போடு" என்பார்.

செய்கிறேன். மறுபடியும் என் கையாலேயே அதைத் திருக வேண்டும். ஆனாலும் செய்கிறேன்.

ஒரு சந்தேகம். ஒற்றைக் குரல் விசிலில் அண்ணன் மாதிரி கடைசியை ஏற்றி முடிப்பது கஷ்டம். கயிற்றைப் பாதியில் பிடித்து, மூச்சுப் பிடிக்கிற மாதிரி நிறுத்தி, அப்புறம் இழுக்க வேண்டும். அவர் அன்றைக்கு அப்படி ஊதினாரா, சாதாரணமாக ஊதினாரா? உங்களுக்கு ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். எழுதாவிட்டால் என் கைக்கு எப்படி வருகிறதோ அப்படி ஊதுகிறேன். என் கைக்கு ஊதக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

லூதர்


பார்லோ ஃபெர்ரி
ஏப்ரல் 29

லூதர்,

நீ கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியும் என்று எழுதினால் அது என் மனசு சேர்த்துச் சொன்னதாக இருந்துவிடும் என்று பயந்தேன்.

நேற்று சீக்கிரமே கிராசிங்குக்குப் போய்விட்டேன். நான் மட்டும்தான் நிற்பேன் என்று நினைத்தேன். பட்டறை ஆட்கள் வந்திருந்தார்கள். பட்டறை மூடப்போகிறது என்று பேச்சு, பாதிப் பேருக்குச் சீட்டுக் கிழித்தாகிவிட்டது, எனவே அவர்களுக்கு வேறு வேலை இல்லை. வார்ப்புக் கிழவர்தான் அக்கரை வண்டி விஷயத்தை எல்லாருக்கும் சொல்லி அழைத்து வந்திருக்கிறார். மில் விட்டதும் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். யாரும் என்னிடம் பேசவில்லை. ஆனால் விலகியும் நிற்கவில்லை.

கடைசியாக ஸ்டெஃபாக்கா வந்தாள். கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

நீ ஊதினாய். இரண்டு நீளம். ஒரு குட்டை. பிறகு அந்தக் கடைசி.

லூதர், அதுதான். நீ பாதியில் நிறுத்தி மேலே ஏற்றினாயே, அப்படித்தான் அன்றைக்கும் இருந்தது. பனிக்குள் அந்த மொட்டை விசிலின் முடிவு கொஞ்சம் மேலே போனது, உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டே ஒரு கணம் நான் தலையைத் தூக்கினேன். தூக்கிவிட்டு மறுபடி குனிந்துகொண்டேன். இத்தனை நாள் அந்த ஒரு கணத்தை மறந்திருந்தேன். கிழவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மில் பெண்களில் ஒருத்தி, கடையில் என் காதுபடப் பேசினாளே அவள்தான், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஸ்டெஃபாக்கா தண்டவாளத்தைத் தாண்டி வந்தாள். தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்த்தாள், ஊரில் எல்லாரும் இப்போது அப்படித்தான் தாண்டுகிறோம். என் முன்னால் வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"உன் வீட்டுக்காரர் வந்துட்டாரு நெஸ்டா. இங்க நின்னுட்டு என்ன பண்ற? போயி அடுப்பப் பாரு."

திரும்பிக் கல்லைக் காட்டி, காஸ் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறதா என்று கிழவரைக் கேட்டாள். இருக்கிறது என்றார்.

நான் வீட்டுக்கு வந்தேன். நான்கு கிழங்கைச் சீவி அடுப்பில் வைத்தேன். பின்வாசல் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, கதவைப் பார்க்காமல், அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கிழங்கு வேகும்வரை நான் திரும்பவே இல்லை.

நெஸ்டா